ஒரு பெருக்கற் கணக்கின் வரலாறு

ஏழு கோடியே முப்பது லட்சத்தில் ஒன்று. 1999ஆம் ஆண்டின் பிற்பகுதியில், இங்கிலாந்தின் செஸ்டர் நகர நீதிமன்றத்தில், ஜூரிகள் பன்னிருவரின் செவியில் விழுந்த எண் இது. குற்றவாளிக் கூண்டில் நின்றவர் சாலி கிளார்க் என்னும் பெண்மணி, தொழிலால் வழக்குரைஞர். அவருடைய முதல் ஆண் மகவு 1996 டிசம்பரில் பதினோரு வார வயதில் இறந்தது. இரண்டாவது ஆண் மகவு 1998 ஜனவரியில் எட்டு வார வயதில் இறந்தது. இரண்டையும் தாயே கொன்றாள் என்பது அரசுத் தரப்பின் குற்றச்சாட்டு.

பச்சிளங் குழந்தைகள் நோயின் அறிகுறி எதுவுமின்றித் தூக்கத்திலேயே திடீரென இறந்துவிடுவது உண்டு. மேலைநாட்டார் அதனைத் தொட்டில் மரணம் என்பர். ஒரே வீட்டில் அது இருமுறை நேர்வதற்கு எத்துணை வாய்ப்புண்டு என்பதே அன்று எழுந்த வினா. சர் ராய் மெடோ என்னும் புகழ்பெற்ற குழந்தை மருத்துவப் பேராசிரியர் சாட்சிக் கூண்டில் ஏறினார். புகைப் பழக்கமில்லாத, வருவாயுள்ள, இளவயது கடந்த அன்னையைக் கொண்ட இத்தகைய குடும்பங்களில், 8,543 குழந்தைகளில் ஒன்றுக்கே தொட்டில் மரணம் நேரும் என ஓர் ஆய்வு கூறியிருந்தது. ஆகவே இருமுறை நேர்வதற்கு 8,543ஐ 8,543ஆல் பெருக்க வேண்டும் என்றார் அவர். பெருக்கினால் 7,29,82,849 வரும். சுருங்கச் சொன்னால் ஏழு கோடியே முப்பது லட்சத்தில் ஒன்று. ஜூரிகளுள் பதின்மர் குற்றவாளி என்றனர், இருவர் உடன்படவில்லை. அந்த அன்னைக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது.

பெருக்கலில் தவறு இல்லை. நம் வீட்டுச் சிறுவனிடம் கொடுத்தாலும் அதே விடையைத்தான் எழுதிக் காட்டுவான். தவறு, அவ்விடத்தில் பெருக்கத் துணிந்ததில் இருந்தது. எப்போது பெருக்கலாம், எப்போது பெருக்கலாகாது என்னும் இந்த நுண்ணிய வினாவுக்கு நீண்டதொரு வரலாறு உண்டு. அதனை அறிந்தபின் செஸ்டர் நகருக்குத் திரும்புவோம். முதலில் நாம் செல்ல வேண்டிய ஊர் பஸரா.

ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டில் அங்கே வாழ்ந்தவர் கலீல் இப்னு அஹ்மத் அல்ஃபராஹீதி. அரபிக் கவிதையின் யாப்பிலக்கணத்தை முதன்முதல் வகுத்தளித்த பேரறிஞர். அரபி மொழியின் சொற்கள் அனைத்தையும் தொகுக்க அவர் விழைந்தார். பாலைவனத்து மக்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டே போனால் என்றைக்கு முடியும்? எதை விட்டோம் என்பதும் தெரியாதன்றோ? எனவே அவர் வேறொரு வழியைக் கண்டார். அரபி எழுத்துகள் 28. அவற்றைக் கொண்டு எத்தனை வேர்ச்சொற்கள் அமையக்கூடும் என்பதை முதலில் கணக்கிடுவது. பிறகு அவற்றுள் எவை வழக்கில் உள்ளன, எவை இல்லை எனப் பிரிப்பது. அந்த எண்ணத்தின் விளைவே கிதாபுல் ஐன் என்னும் முதல் அரபி அகராதி.

அவர் பெயரால் பின்னோர் எடுத்துரைக்கும் கணக்கை நாம் செய்து பார்க்கலாம். ஈரெழுத்துச் சொல்லுக்கு முதல் எழுத்தை 28 வழிகளில் எடுக்கலாம். எடுத்த எழுத்தை மீண்டும் எடுப்பதில்லை என்றால் இரண்டாம் எழுத்துக்கு எஞ்சியிருப்பவை 27. ஆகவே 756. மூவெழுத்துக்கு 28, 27, 26 மூன்றையும் பெருக்க 19,656. நான்கெழுத்துக்கு 4,91,400. ஐந்தெழுத்துக்கு 1,17,93,600. எல்லாம் சேர்த்து 1,23,05,412. அடுத்தடுத்த எண்கள் ஒவ்வொன்றாகக் குறைந்து வருவதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். முதலில் எதை எடுத்தோம் என்பது அடுத்து எடுப்பதைப் பாதிக்கிறது. முதற்செயல் இரண்டாம் செயலின் வாய்ப்புகளில் ஒன்றை உண்டுவிடுகிறது. இக்காலக் கணித நூலார் சார்புடைய நிகழ்ச்சி என்று சொல்வதன் எளிய வடிவம் இதுவே.

இந்த ஒரு கோடியே இருபத்து மூன்று லட்சத்தில் மிகப் பெரும்பான்மை வழக்கில் இல்லாதவை. முஹ்மல், அதாவது கைவிடப்பட்டவை, என்று அரபி அகராதியார் அவற்றைக் குறித்தனர். ஏன் கைவிடப்பட்டன? சில எழுத்துகள் ஒன்றையொன்று அண்ட விடுவதில்லை. தொண்டையின் ஒரே இடத்தில் பிறக்கும் ஒலிகளை அடுத்தடுத்து வைத்தால் நாவும் செவியும் ஒப்புவதில்லை. கணக்கு அனுமதிக்கும் சேர்க்கையை மொழி அனுமதிப்பதில்லை.

இதை நன்கறிந்து வேறொரு பயனுக்குக் கொண்டவர் பாக்தாதின் தத்துவ மேதை அபூயூஸுஃப் யஃகூப் இப்னு இஸ்ஹாக் அல்கிந்தி. கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டினர், கலீஃபா மஃமூன், முஃதஸிம் ஆகியோர் காலத்தில் பைத்துல் ஹிக்மாவோடு தொடர்புடையவர். இசை, மருத்துவம், ஒளியியல் என அவர் தொடாத துறை இல்லை. மறைமொழிக் கடிதங்களைப் படிப்பது எவ்வாறு என்று அவர் எழுதிய சிறு நூலின் கையெழுத்துப் பிரதி, இஸ்தான்பூலின் சுலைமானிய்யா நூலகத்தில் நெடுங்காலம் கிடந்தது. டமாஸ்கஸ் அறிஞர்கள் அதனைப் பதிப்பித்து 1987இல் வெளியிட்டனர். மறைமொழியை உடைக்கும் கலை பற்றி இன்று நம் கையில் உள்ள நூல்களுள் மிகப் பழையது அது.

அல்கிந்தி காட்டும் வழி எளியது. மறைமொழி எந்த மொழியில் உள்ளதோ அந்த மொழியின் தெளிவான உரைநடை ஒன்றை எடுத்துக்கொள். ஒவ்வோர் எழுத்தும் எத்தனை முறை வருகிறது என்று எண்ணு. பிறகு மறைமொழியின் குறிகளையும் எண்ணு. மிகுதியாக வரும் குறிக்கு மிகுதியாக வரும் எழுத்தைப் பொருத்து. அவரே 3,667 எழுத்துகளை எண்ணிப் பட்டியலிட்டார். அலிஃப் 600 முறை, லாம் 437 முறை, மீம் 320 முறை என்று அது செல்கிறது. கண்ணை மூடிக்கொண்டு ஒரு பக்கத்தில் விரலை வைத்தால் அது அலிஃப் மீது விழ ஏறத்தாழ ஆறில் ஒரு வாய்ப்பு உண்டு என்பது இதன் பொருள். உரை மிகச் சிறியதாயின் இக்கணக்கு பொய்க்கும் என்பதையும் அவர் மறக்கவில்லை.

அவர் அத்தோடு நின்றிருந்தால், எழுத்துகள் ஒவ்வொன்றும் தனித்து, பக்கத்து எழுத்தைப் பொருட்படுத்தாமல் வந்து விழுகின்றன என்று கொண்டவராவார். ஆனால் அதே நூலில் எந்த எழுத்து எதனோடு சேரும், எது எதனோடு சேராது என்னும் பட்டியலையும் தருகிறார். ஒரு குறியை இன்ன எழுத்து என்று ஊகித்துவிட்டால், அதன் அண்டையில் வரக்கூடியவை குறைந்துபோகின்றன. அடுத்த ஊகம் எளிதாகிறது. முதலாவது வெறும் எண்ணிக்கை. இரண்டாவது ஒன்றையறிந்தபின் மற்றொன்றின் வாய்ப்பு.

தமிழ் கற்றவர்க்கு இது புதிதன்று. நம் இலக்கணத்தார் மெய்ம்மயக்கம் என்று வகுத்திருப்பது இதைத்தான். தமிழ்ச் சொல்லொன்றின் நடுவே க், ச், த், ப் ஆகிய நான்கில் ஒன்று வந்தால், அடுத்து வருவது அதே எழுத்தின் இனமேயன்றி வேறில்லை. பக்கம், பச்சை, பத்து, உப்பு என்பன காண்க. ஏதோ ஒரு பக்கத்தில் விரலை வைத்தால் ககர வரிசை எழுத்து அகப்படுவதற்கு ஒரு குறிப்பிட்ட வாய்ப்பே உண்டு. ஆனால் முன்னெழுத்து க் என்று தெரிந்துவிட்டால், அடுத்தது ககர வரிசை என்பது உறுதி. நிகழ்தகவு முழுமையாக 1 ஆகிவிடுகிறது. (நம் வீடுகளில் நாள்தோறும் புழங்கும் வக்ஃபு என்னும் சொல் இவ்விதியை மீறுகிறதே எனின், அது அரபியிலிருந்து வந்த விருந்தாளி, விருந்தாளிக்கு வீட்டுச் சட்டம் பொருந்தாது.)

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மேற்கின் கணிதம் முழுவதும் பாக்தாதிலிருந்து எடுத்துச் செல்லப்பட்டதென எழுதி மகிழ்வது நம்மவரிடையே ஒரு வழக்கம். அதில் நமக்கு உடன்பாடில்லை. அல்கிந்தி எண்ணினார், நிகழ்தகவை எண்ணாகக் கொண்டு கூட்டவும் பெருக்கவும் விதி வகுக்கவில்லை. அந்த விதிகள் ஐரோப்பாவில், அதுவும் சூதாட்ட மேசையின் அருகில், தனியே பிறந்தன. நமக்கு விலக்கப்பட்ட ஒரு பழக்கத்திலிருந்து உலகுக்குப் பயன்படும் ஒரு கலை தோன்றியது வியப்புக்குரியதுதான்.

இத்தாலிய மருத்துவர் கார்டானோ பதினாறாம் நூற்றாண்டில் பகடை பற்றி ஒரு நூல் எழுதினார். பல வீச்சுகளின் வாய்ப்பை எப்படிச் சேர்ப்பதென்பதில் முதலில் தவறி, பின்னர் தம்மைத் தாமே திருத்திக்கொண்டார். அந்நூல் அவர் இறந்து 87 ஆண்டுகள் கழித்து 1663இல்தான் அச்சேறியது. அதற்கிடையே 1654இல் பிரெஞ்சுப் பிரபு ஒருவர் எழுப்பிய ஐயத்தை முன்னிட்டுப் பாஸ்கலும் ஃபெர்மாவும் கடிதம் எழுதிக்கொண்டனர். ஒரு பகடையை நான்கு முறை வீசினால் ஒருமுறையேனும் ஆறு விழும் என்று பந்தயம் கட்டுவது இலாபம். இரு பகடைகளை 24 முறை வீசினால் ஒருமுறையேனும் இரண்டிலும் ஆறு விழும் என்று கட்டுவதும் அதே போன்றதன்றோ? ஆறில் நான்கும், முப்பத்தாறில் இருபத்து நான்கும் ஒன்றுதானே?

ஒன்றன்று. விழாமற் போவதைத்தான் கணக்கிட வேண்டும். ஒரு வீச்சில் ஆறு விழாமைக்கு வாய்ப்பு 5/6. நான்கு வீச்சிலும் விழாமைக்கு 5/6ஐ நான்கு முறை பெருக்க 625/1296. எஞ்சிய 671/1296 பாதிக்குச் சற்று மேல். இரண்டாவது பந்தயத்தில் 35/36ஐ 24 முறை பெருக்க வேண்டும். எஞ்சுவது நூற்றுக்கு 49 அளவே. பாதிக்குச் சற்றுக் கீழ். இங்கே பெருக்கியது முற்றிலும் முறையானது. ஏனெனில் முன் வீச்சில் என்ன விழுந்தது என்பதைப் பகடை அறியாது. ஒவ்வொரு வீச்சும் புதிய வீச்சு.

அந்த 'ஏனெனில்' என்பதைத் தெளிவாக எழுதிவைத்த பெருமை ஆபிரகாம் தெ முவாவ்ருக்கு உரியது. பிரான்சில் புரோட்டஸ்டண்டு மதத்தவர் துன்புறுத்தப்பட்ட காலத்தில் அந்நாட்டை விட்டு லண்டனுக்கு அகதியாய் வந்தவர். நியூட்டனின் நண்பர், எனினும் ஒரு பல்கலைக்கழகப் பதவியும் கிட்டாமல், மாணவர்க்குத் தனிப்பாடம் சொல்லியும் காப்பிக் கடையில் வாய்ப்புக் கணக்குகளுக்கு விடை கூறியும் காலங்கழித்தார். 1718இல் முதன்முதல் அச்சாகி 1738இல் விரிவாக வந்த அவருடைய நூல், நிகழ்ச்சிகளை இரு வகையாகப் பிரித்துக் காட்டுகிறது. ஒன்று நடப்பதோ நடவாமையோ மற்றொன்றின் வாய்ப்பைச் சிறிதும் மாற்றாவிடில் அவை சார்பிலா நிகழ்ச்சிகள், மாற்றுமாயின் சார்புடையவை.

அவர் தரும் சீட்டுக் கணக்கின் கருத்தை நாம் மாம்பழக் கூடையில் வைத்துப் பார்ப்போம். கூடையில் 10 பழங்கள், 3 அழுகல். கண்ணை மூடிக்கொண்டு ஒரு பழம் எடுத்து, பார்த்துவிட்டு, மீண்டும் கூடையிலேயே போட்டுக் குலுக்கி, மறுபடி ஒன்று எடுக்கிறோம். இருமுறையும் அழுகலாய் வாய்க்க 3/10 × 3/10, அதாவது நூற்றில் 9. முதலில் எடுத்ததைத் திரும்பப் போடாவிட்டால்? முதற்பழம் அழுகல் என்றால் கூடையில் எஞ்சுவன 9. அவற்றில் அழுகல் 2. ஆகவே 3/10 × 2/9, அதாவது பதினைந்தில் ஒன்று. இங்கும் பெருக்கத்தான் செய்தோம். ஆனால் இரண்டாவதாகப் பெருக்கியது, முதலாவது நடந்துவிட்டது என்று அறிந்தபின் உள்ள வாய்ப்பு. விதி இவ்வளவே: முதல் நிகழ்ச்சியின் வாய்ப்பை, அது நடந்தபின் இரண்டாவதற்குள்ள வாய்ப்பால் பெருக்குக. சார்பு இல்லாத இடத்தில் மட்டுமே அந்த இரண்டாவது எண் பழைய எண்ணாகவே இருக்கும்.

கூடையில் சார்பு வாய்ப்பைக் குறைத்தது. எப்போதும் அப்படியன்று. அழுகல் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பரவுவதென நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். கோடைக் கூடையில் ஒரு பழம் அழுகியதைக் கண்டால் அதன் கீழுள்ளதையும் புரட்டிப் பார்ப்பர். மூத்த பிள்ளைக்குத் தட்டம்மை கண்டால் இளைய பிள்ளையைப் பற்றிக் கவலைப்படாத தாய் யார்? கணிதம் பயிலாத அவளும், இரண்டாவது வாய்ப்பு இப்போது பழைய எண்ணாக இல்லை என்பதை உணர்ந்தே இருக்கிறாள்.

தெ முவாவ்ருக்குப் பின் ஒன்றரை நூற்றாண்டுக் காலம் கணித நூலார் பெரும்பாலும் சார்பிலா நிகழ்ச்சிகளின் நிழலிலேயே தங்கினர். அங்கே கணக்கு எளிது. பாசல் நகரத்து யாக்கோபு பெர்னூலியின் பேரெண் விதி 1713இல் வெளியாகியிருந்தது. முயற்சிகள் பெருகப் பெருகச் சராசரி ஓர் எண்ணை நெருங்கி நிலைபெறும் என்பது அதன் சாரம். முயற்சிகள் ஒன்றையொன்று சாராதவை என்னும் அடிப்படையில் அவர் அதனை நிறுவினார்.

இந்த இடத்தில் ரஷ்யாவில் ஒரு விசித்திரமான வழக்கு எழுந்தது. மதகுருப் பள்ளியில் பயின்று, பின்னர் மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியரான பாவெல் நெக்ரசோவ் 1902இல் ஒரு வாதத்தை முன்வைத்தார். ஒரு நாட்டில் ஆண்டுதோறும் நடக்கும் திருமணங்களும் குற்றங்களும் ஏறக்குறைய ஒரே அளவில் நிலைத்து வருகின்றன. இது பேரெண் விதியின் செயல். பேரெண் விதி செயற்பட வேண்டுமாயின் நிகழ்ச்சிகள் ஒன்றையொன்று சாராதிருத்தல் வேண்டும். ஆகவே மனிதர் ஒவ்வொருவரும் பிறரைச் சாராமல் சுதந்திர சித்தத்தோடு செயற்படுகின்றனர் என்பது புள்ளிவிவரத்தாலேயே உறுதியாகிறது என்றார். நம் முன்னோருள் முஃதஸிலாக்களும் அஷ்அரிகளும் எத்தனை தலைமுறையாக வாதிட்ட பொருள் அது! திருமணப் பதிவேட்டைப் புரட்டி அதற்குத் தீர்ப்பு எழுதிவிட முடியும் என்று அவர் நம்பினார்.

பீட்டர்ஸ்பர்க் நகரத்து அந்திரேய் மார்க்கவ் இதைக் கண்டு பொறுக்கவில்லை. சினம் மிக்கவர், பிழையான கணிதத்தைத் தம்மேல் வந்த வசையாகவே கொள்ளும் இயல்பினர். 1906இல் அவர் எழுதிய கட்டுரை, ஒன்றையொன்று சார்ந்துவரும் நிகழ்ச்சிகளின் தொடரிலும் பேரெண் விதி செல்லும் என்று நிறுவியது. சராசரி நிலைபெறுவதைக் கொண்டு உறுப்புகள் ஒன்றையொன்று சாராதவை என முடிவு கட்ட இயலாது என்பது இதனால் விளங்கியது. சித்தம் சுதந்திரமானதா அன்றா என்பதில் இக்கணக்கு எப்பக்கமும் சாட்சி சொல்லாது. அந்த வழக்குக்கும் இந்தச் சான்றுக்கும் தொடர்பில்லை என்று மட்டும் காட்டியது.

1913 ஜனவரியில், பெர்னூலியின் நூல் வெளிவந்து 200 ஆண்டுகள் நிறைந்த அந்த ஆண்டில், ரஷ்ய அறிவியற் கழகத்தின் முன் அவர் ஒரு கணக்கை வைத்தார். நமக்கு அதைப் படிக்கும்போதெல்லாம் அல்கிந்தியின் நினைவு எழுகிறது. புஷ்கினின் யெவ்கேனி ஒனேகின் என்னும் கதைக்காவியத்தின் முதல் 20,000 எழுத்துகளை எடுத்து, இடைவெளிகளையும் நிறுத்தக் குறிகளையும் நீக்கி, நூறு நூறு எழுத்துகளாக 200 கட்டங்களில் எழுதி, உயிர் எது மெய் எது என எண்ணினார். கணிப்பொறி இல்லாத காலம். பேனாவும் பொறுமையுமே கருவி. உயிர் 8,638, மெய் 11,362. உயிரின் பங்கு நூற்றுக்கு 43.2.

எழுத்துகள் சார்பிலாதவையாயின் இரண்டு உயிர்கள் அடுத்தடுத்து வருவதற்கு 0.432 × 0.432, இருபதாயிரத்தில் ஏறத்தாழ 3,700 இடங்களில் அது நேர வேண்டும். மார்க்கவ் எண்ணிக் கண்டதோ 1,104 தான்! உயிரை அடுத்து உயிர் வர வாய்ப்பு நூற்றுக்கு 12.8 மட்டுமே. மெய்யை அடுத்து உயிர் வர வாய்ப்பு 66.3. முன்னெழுத்து எது என்பதைப் பொறுத்து எண் ஐந்து மடங்கு வேறுபடுகிறது. எனினும் மொத்தத்தில் உயிரின் பங்கு 43ஐ ஒட்டியே நிலைத்தது. சார்பும் உண்டு, நிலைப்பும் உண்டு என்பது கண்முன் கண்ட சான்றாயிற்று. இவ்வாறு முன்னதைப் பொறுத்து அடுத்தது அமையும் தொடருக்கு இன்று மார்க்கவ் சங்கிலி என்றே பெயர். 1948இல் அமெரிக்கர் ஷானன் இதனைத் தகவல் தொடர்பியலின் அடித்தளமாகக் கொண்டார்.

இனி செஸ்டர் நகருக்குத் திரும்புவோம். மெடோ செய்த கணக்கில் இரண்டாவது எண் எதுவாயிருந்திருக்க வேண்டும்? ஒரு குழந்தை தொட்டிலில் இறந்த வீட்டில், இன்னொரு குழந்தையும் அவ்வாறே இறப்பதற்குரிய வாய்ப்பு. அதே தாய், அதே தந்தை, அதே வீடு, அதே காற்று, உடலில் ஓடும் அதே குடும்பக் கூறுகள். அவற்றுள் ஏதோவொன்று முதல் மரணத்துக்குக் காரணமாயிருந்தால், அது இரண்டாம் தொட்டிலருகிலும் இருக்கும். அந்த எண் 8,543இல் ஒன்றாகவே இருந்தது என்று எவரும் எண்ணிப் பார்த்திருக்கவில்லை. சான்றுக்காகப் பத்து மடங்கு என்று கொண்டால், விடை ஏழு கோடி முப்பது லட்சத்திலிருந்து எழுபத்து மூன்று லட்சமாகச் சுருங்கிவிடும்.

இதிலுள்ள முரண்பாடு நம்மை வியக்கவைக்கிறது. 8,543 என்னும் எண் எங்கிருந்து வந்தது? அந்த ஆய்வில் எல்லாக் குடும்பங்களையும் சேர்த்து 1,303 குழந்தைகளில் ஒன்று இறந்தது. வீட்டில் புகைப்பவர் இல்லை, வருவாய் உண்டு, தாய்க்கு 26 வயதுக்கு மேல் என்னும் மூன்றும் பொருந்திய குடும்பங்களை மட்டும் பிரித்தபோதே எண் 8,543 ஆயிற்று. வீட்டின் நிலை மரணத்தின் வாய்ப்பை மாற்றும் என்பதே ஆய்வு கண்ட உண்மை. அதிலிருந்து எண்ணை எடுத்துக்கொண்டு, வீட்டுக்கும் மரணத்துக்கும் தொடர்பே இல்லை என்பதுபோல் பெருக்கிவிட்டனர்! ஆண் குழந்தைகளுக்கு இம்மரணம் மிகுதி என்பது தெரிந்திருந்தும், இறந்த இரண்டும் ஆண்கள் என்பது கணக்கில் சேரவில்லை.

மெடோ ஜூரிகளுக்கு விளங்கும்படி ஓர் உவமையும் கூறினார். லிவர்பூலை அடுத்து ஆண்டுதோறும் நடக்கும் புகழ்பெற்ற குதிரைப் பந்தயத்தில், வெல்வதற்கு எண்பதில் ஒரு வாய்ப்பே உள்ள குதிரையின்மேல் நான்கு ஆண்டுகள் தொடர்ந்து பணம் கட்டி, நான்கு ஆண்டுகளும் வெல்வது போன்றது என்றார். சென்ற ஆண்டுப் பந்தயம் இந்த ஆண்டுப் பந்தயத்தை அறியாது, அங்கே பெருக்கலாம். உடன்பிறந்த இரு குழந்தைகள் அத்தகையவரல்லர்.

இன்னொரு மயக்கமும் அங்கே நிகழ்ந்தது. இரு தொட்டில் மரணங்கள் அரியவை என்றே வைத்துக்கொள்வோம். ஒரு தாய் தன் இரு பச்சிளங் குழந்தைகளையும் அடுத்தடுத்துக் கொல்வது மட்டும் நாள்தோறும் நடப்பதா? அதுவும் அரியதே. குழந்தைகள் இறந்துவிட்டன என்பது நடந்து முடிந்த ஒன்று. இரண்டு அரிய காரணங்களுள் எது கூடுதல் அரியது என்பதே எழுந்திருக்க வேண்டிய வினா. ஒன்றன் அருமையை மட்டும் சொல்லி மற்றொன்றைச் சொல்லாமல் விட்டனர். அன்றியும் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அக்காலத்தில் ஆண்டொன்றுக்கு ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் பிறந்தன. அத்தனை வீடுகளில் எங்கோ ஓரிடத்தில் அரியது நேர்ந்தே தீரும்.

நடுநிலை கருதி ஒன்று கூற வேண்டும். அந்த எண் ஒன்றே தண்டனைக்குக் காரணம் என்று சொல்வது முறையாகாது. மருத்துவச் சான்றுகளும் வைக்கப்பட்டன. நீதிபதியும் புள்ளிவிவரத்தை மட்டும் நம்ப வேண்டாமென எச்சரித்தார். ஆயினும் ஏழு கோடி என்னும் ஒலி செவியில் விழுந்தபின் மற்றவை எவ்வளவு நினைவில் நின்றிருக்கும்? 2000ஆம் ஆண்டு அக்டோபரில் முதல் மேல்முறையீடு தள்ளப்பட்டது. கணக்கில் குறையுண்டு என்றாலும் அது தீர்ப்பை மாற்றாது என்றது மன்றம்.

2001 அக்டோபரில் இங்கிலாந்தின் அரச புள்ளியியல் கழகம் வெளிப்படையாக ஓர் அறிக்கை விட்டது. அவ்வாறு பெருக்குவதற்கு, குடும்பத்துக்குள் மரணங்கள் சார்பிலாதவை என்பது சான்றால் நிறுவப்பட்டிருக்க வேண்டும். அத்தகைய சான்று இல்லை. சார்புண்டு என எண்ணவே காரணங்கள் உள்ளன என்றது. ஒரு கல்விக் கழகம் ஒரு வழக்கைப் பற்றி இங்ஙனம் வாய் திறப்பது அரிது. பின்னர், இரண்டாம் குழந்தையின் உடலில் நோய்க்கிருமிகள் கண்டறியப்பட்டிருந்ததும், அந்தச் சோதனை முடிவு எதிர்த்தரப்புக்குத் தெரிவிக்கப்படாமற் போனதும் வெளிவந்தன. 2003 ஜனவரியில் இரண்டாம் மேல்முறையீட்டில் தண்டனை நீக்கப்பட்டது. தீர்ப்பு சோதனை முடிவு மறைக்கப்பட்டதையே முதன்மையாகக் கொண்டது. எனினும் அந்த எண்ணை ஜூரிகள் முன் வைத்திருக்கவே கூடாது என்பதையும் நீதிபதிகள் மறைக்கவில்லை. இவ்வழக்கின் பின்னர் அத்தகைய குற்றச்சாட்டில் சிறைப்பட்டிருந்த வேறு இரு அன்னையரும் விடுதலை பெற்றனர்.

சாலி கிளார்க் சிறையில் கழித்தது மூன்றாண்டுக்கு மேல். குழந்தைகளைப் பறிகொடுத்த துயரத்தின்மேல், அவற்றைக் கொன்றவள் என்னும் பழியையும் அந்த ஆண்டுகள் முழுவதும் அவர் சுமந்தார். வீடு திரும்பிய பின்னும் அவர் பழைய நிலையை அடையவில்லை என்று குடும்பத்தார் கூறினர். 2007 மார்ச்சு 16ஆம் நாள் அவர் இறந்தபோது வயது 42.